எனக்கு இருக்கிறது, என்னிடம் இருக்கிறது: ஆங்கிலத்தின் ‘ஹேவ்’

“சித்தி, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’னு எழுதினா ஏன் தப்பு? ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ மட்டும் எப்படிச் சரி?” என்று கேட்டபடி என் அக்கா மகள் நோட்டை நீட்டினாள். முதல் வாக்கியத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு சுழி. இரண்டாவதில் ஒன்றும் இல்லை.

அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்குச் சிறுவயதில் கிடைத்த பதில் அதுதான். ஆனால் அவள் கேள்வி நியாயமானது, அதற்கு நல்ல பதிலும் உண்டு. பாதிப் பதில் நம் தமிழிலேயே இருக்கிறது. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஹேவ், ஹேஸ், ஹேட் மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்கள். ஐ, யூ, வீ, தே வந்தால் ஹேவ். ஹீ, ஷீ, இட் வந்தால் ஹேஸ். இறந்தகாலத்தில் எல்லோருக்கும் ஹேட். ‘பேங்க்’ என்று சொல்லும்போது வருகிறதே, ஆ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவில் ஓர் ஒலி, அதுதான் இவற்றிலும் வர வேண்டும். ஹேட் என்பதை ஏ-யை நீட்டி ‘ஹேய்ட்’ என்பது போலச் சொன்னால் வெறுப்பைக் குறிக்கும் வேறு சொல் ஆகிவிடும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் திரட்டிய பெரிய எழுத்துத் தொகுப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணியபோது, எல்லாச் சொற்களிலும் ஒன்பதாவது இடம் இதற்குக் கிடைத்தது. வினைச்சொற்களை மட்டும் எடுத்தால் இரண்டாம் இடம். முதலிடம் ஆம், ஈஸ், ஆர் என்று பல வடிவில் வரும் ‘பீ’-க்கு.

இத்தனை முக்கியமான சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் எது? அகராதியில் ‘வைத்திரு’, ‘கொண்டிரு’ என்றெல்லாம் போட்டிருக்கும். ஆனால் ‘நான் இரண்டு தம்பிகளை வைத்திருக்கிறேன்’ என்று யாராவது சொல்வார்களா? ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்றுதான் சொல்வோம். இந்த வாக்கியத்தை நிறுத்திப் பாருங்கள். இதில் எழுவாய் நான் இல்லை, தம்பிகள். அதனால்தான் வினை ‘இருக்கிறார்கள்’ என்று முடிகிறது. நான் ‘எனக்கு’ என்று கு உருபை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் இது தலைகீழ். ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்றால் நான்தான் எழுவாய். தம்பிகள் செயப்படுபொருள் ஆகிவிட்டார்கள்.

ஆக, ஆங்கிலம் ‘ஹேவ்’ என்று சொல்லும் இடத்தில் தமிழ் ‘இரு’ என்று சொல்கிறது. இந்த ஒரு வரியைக் கையில் பிடித்துக்கொண்டால் இந்தச் சொல்லில் முக்கால்வாசி விளங்கிவிடும் என்பது என் அனுபவம்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. இந்தியில் ‘மேரே பாஸ் கிதாப் ஹை’ என்றால் என் பக்கத்தில் புத்தகம் இருக்கிறது. ரஷ்ய மொழியும் ஐரிஷ் மொழியும்கூட ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்கிற மாதிரிதான் பேசுகின்றன. தமிழில் உடைமையைச் சொல்ல வினையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ‘அறிவுடையார் எல்லாம் உடையார்’ என்று 430ஆம் குறள் தொடங்குகிறது. அந்த ‘உடையார்’ ஏறக்குறைய ஹேவ்தான். ஆனால் இன்றைய பேச்சில் அது ‘என்னுடைய’, ‘உடைமை’ போன்ற சொற்களுக்குள் ஒதுங்கிவிட்டது. யாரும் ‘நான் வண்டி உடையேன்’ என்று சொல்வதில்லை.

இன்னொரு விதத்தில் தமிழ் இங்கே ஆங்கிலத்தைவிட நுட்பமானது. ‘எனக்கு ஒரு வண்டி இருக்கிறது’ என்றால் அது என் சொந்த வண்டி. ‘என்னிடம் உங்கள் சாவி இருக்கிறது’ என்றால் சாவி உங்களுடையது, இப்போதைக்கு என் கையில் இருக்கிறது. ‘-கு’ உருபு ஒரு பொருள் தருகிறது, ‘-இடம்’ உருபு வேறு பொருள் தருகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஹேவ்தான். ‘ஐ ஹேவ் எ பைக்’, ‘ஐ ஹேவ் யுவர் கீ’. சொந்தம் என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘ஓன்’ என்ற வேறு வினையைத்தான் தேட வேண்டும்.

இந்தத் தலைகீழ் மாற்றம் பழகாததால்தான் ‘இன் மை ஹவுஸ் ஃபோர் ரூம்ஸ் ஆர் தேர்’ என்று நமக்கு வாயில் வருகிறது. ‘எங்கள் வீட்டில் நான்கு அறைகள் இருக்கின்றன’ என்பதைச் சொல் சொல்லாக எடுத்து வைத்தால் அப்படித்தான் வரும். புரியும், ஆனால் ஆங்கிலக் காதுக்கு இடறும். ‘அவர் ஹவுஸ் ஹேஸ் ஃபோர் ரூம்ஸ்’ என்று வீட்டையே எழுவாய் ஆக்கிவிடுங்கள். எங்கள் ஊரில் மூன்று பள்ளிகள் இருக்கின்றன என்பதற்கு ‘அவர் டவுன் ஹேஸ் த்ரீ ஸ்கூல்ஸ்’. இந்தச் சட்டைக்குப் பை இல்லை என்பதற்கு ‘திஸ் ஷர்ட் டஸின்ட் ஹேவ் எ பாக்கெட்’. தமிழில் -க்கு, -இல், -இடம் என்று உருபு ஏந்தி நிற்பவரை அல்லது நிற்பதைப் பிடித்து முன்னால் நிறுத்துங்கள். அந்த ஒரு வேலையைச் செய்தால் மீதி தானாக அமையும்.

சரி, இப்போது அந்தச் சிவப்புச் சுழிக்கு வருவோம். தமிழில் ‘வருகிறேன்’ என்பது ‘தினமும் வருகிறேன்’ என்பதற்கும் ஆகும், ‘இதோ வருகிறேன்’ என்பதற்கும் ஆகும். ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரிக்கிறது. முதலாவது ‘ஐ கம்’, இரண்டாவது ‘ஐ ஆம் கமிங்’. நாம் ‘இருக்கிறார்கள்’ என்று நிகழ்காலத்தில் சொல்லும்போது, இப்போது நடப்பதுதானே என்று நினைத்து ‘ஹேவிங்’ போட்டுவிடுகிறோம். ஆனால் தம்பி இருப்பது ஒரு செயல் இல்லை. அது தொடங்கி, நடந்து, முடிகிற காரியம் இல்லை. அது ஒரு நிலை. ஆங்கிலத்தில் ‘இங்’ என்பது நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு உரியது. சாப்பிடுவது செயல், அதனால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரியாகிறது.

இதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். சொல்ல நினைப்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். முடிவில் ‘இருக்கிறது’ மட்டும் தனியாக நின்றால் ‘இங்’ போடாதீர்கள். சாப்பிடு, குளி, நடத்து என்று வேறு வினை வந்தால் போடலாம். எனக்குத் தலைவலி இருக்கிறது: ‘ஐ ஹேவ் எ ஹெடேக்’. எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது: ‘வீ ஹேவ் எ ஷாப்’. கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறோம்: ‘வீ ஆர் ஹேவிங் எ மீட்டிங்’. அவர் குளித்துக்கொண்டிருக்கிறார்: ‘ஹீ ஈஸ் ஹேவிங் எ பாத்’. அவளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்பதற்கு ‘ஷீ ஈஸ் ஹேவிங் எ பேபி’ என்பார்கள். பிறப்பது செயல், குழந்தை இருப்பது நிலை. ‘ஷீ ஹேஸ் எ பேபி’ என்றால் குழந்தை ஏற்கனவே பிறந்துவிட்டது.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் முழுசாக ஒத்துவராது. ‘வீ ஆர் ஹேவிங் பிராப்ளம்ஸ் வித் தி இன்டர்நெட்’ என்பது நல்ல ஆங்கிலம், தமிழிலோ ‘பிரச்சினை இருக்கிறது’ என்று வரும். ஆனால் அங்கேயும் ‘வீ ஹேவ் எ பிராப்ளம்’ என்றால் தப்பாகாது. தயக்கமாக இருந்தால் ‘இங்’ போடாமல் விடுவதே நல்லது. ‘ஐ ஆம் ஹேவிங்’ இந்தியா முழுவதும் புழங்குகிறது, கேட்பவருக்குப் புரிந்தும்விடுகிறது. அதைச் சொன்னதற்காக யாரும் கூச வேண்டியதில்லை. தேர்விலும் நேர்காணலிலும் பிழையாகக் கொள்வார்கள் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

‘எனக்கு’ வந்தாலே ஹேவ் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. எனக்குப் பசிக்கிறது என்பது ‘ஐ ஆம் ஹங்ரி’. எனக்கு இருபது வயது என்பது ‘ஐ ஆம் ட்வென்டி’. எனக்குத் தெரியும் என்பது ‘ஐ நோ’, எனக்குப் பிடிக்கும் என்பது ‘ஐ லைக்’. கவனித்தீர்களா, இவை எதிலும் ‘இருக்கிறது’ இல்லை. நம் சோதனை இங்கேயும் கைகொடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான் வருகிறது. ‘நான் கடிதம் எழுதியிருக்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வோம்? ‘ஐ ஹேவ் ரிட்டன் எ லெட்டர்.’ அங்கே ஹேவ், இங்கே இரு! உடைமைக்கு நடந்த அதே மாற்றம், முடிந்த செயலைச் சொல்லும் இடத்திலும் அப்படியே நடக்கிறது. வந்திருக்கிறான்: ‘ஹீ ஹேஸ் கம்’. பார்த்திருக்கிறேன்: ‘ஐ ஹேவ் சீன்’. போயிருந்தார்கள்: ‘தே ஹேட் கான்’. இலக்கணப் புத்தகங்கள் ‘பிரசென்ட் பெர்ஃபெக்ட்’, ‘பாஸ்ட் பெர்ஃபெக்ட்’ என்று பெயர் வைத்து மிரட்டுபவை இவைதான். இருக்கிறேன் என்றால் ஹேவ், இருந்தேன் என்றால் ஹேட் என்று நினைத்துக்கொண்டால் மிரள ஒன்றும் இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் வழி பிரிகிறது. ‘அவன் நேற்று வந்திருக்கிறான்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அவன் வந்ததை நான் பார்க்கவில்லை, பிறகுதான் தெரிந்துகொண்டேன் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. காலையில் எழுந்து ஈரத் தரையைப் பார்த்து ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோமே, அதே குறிப்புதான். ஆங்கிலத்தில் ஹேவுக்கு அந்த வேலை கிடையாது. நேற்று, போன வருஷம், 2019-இல் என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் அங்கே ஹேவ் வரக் கூடாது. ‘ஹீ ஹேஸ் கம் எஸ்டர்டே’ தப்பு, ‘ஹீ கேம் எஸ்டர்டே’ சரி. ஈரத் தரையைப் பார்த்து ஊகிப்பதற்கு ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’ என்று மஸ்டையும் சேர்க்க வேண்டும். எதிர்த்திசையிலும் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டுக்கு வந்தவரை ‘சாப்பிட்டீங்களா?’ என்று வெறும் இறந்தகாலத்தில் கேட்கிறோம். அதற்குப் பொருத்தமான ஆங்கிலம் ‘ஹேவ் யூ ஈட்டன்?’. இப்போது வயிறு நிறைந்திருக்கிறதா என்பதுதானே நம் கேள்வி.

உடைமைக்கு வரும் சொல், முடிந்த செயலுக்கு ஏன் வர வேண்டும்? இதற்கு ஒரு கதை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் ‘ஹப்பன்’. அன்று ‘என்னிடம் கடிதம் எழுதப்பட்ட நிலையில் இருக்கிறது’ என்ற பொருளில், ‘ஐ ஹேவ் தி லெட்டர் ரிட்டன்’ என்கிற வரிசையில் பேசினார்கள். எழுதப்பட்ட கடிதம் கையில் இருக்கிறது என்றால் எழுதும் வேலை முடிந்தது என்றுதான் பொருள். நாளடைவில் கடிதம் பின்னுக்குப் போய், முடிந்தது என்ற பொருள் மட்டும் ஹேவோடு ஒட்டிக்கொண்டது. ‘எழுதி வைத்திருக்கிறேன்’ என்று நாமும் சொல்கிறோமே, அதை நினைத்துப் பார்த்தால் இந்த நகர்வு எவ்வளவு இயல்பானது என்று தெரியும்.

இன்னும் பின்னால் போனால் இந்தச் சொல்லின் வேர்ப்பொருள் ‘பற்று’, ‘கையால் பிடி’ என்பது. லத்தீனில் பிடிப்பதற்கு ‘கபெரே’ என்பார்கள். சிறைப்பிடிப்பதைச் சொல்லும் ‘கேப்சர்’ அதிலிருந்து வந்தது. அந்தக் கபெரேயும் ஹேவும் ஒரே வேரில் கிளைத்தவை. லத்தீனில் க ஒலி நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஹ வருவதை ‘கெண்டும்’, ‘ஹண்ட்ரட்’ என்ற நூறு என்னும் சொல்லிலும், ‘கோர்னூ’, ‘ஹார்ன்’ என்ற கொம்பு என்னும் சொல்லிலும் பார்க்கலாம். இத்தகைய ஒலிமாற்றங்களை 1822-இல் ஒழுங்காகத் தொகுத்துக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் கிரிம். நாட்டார் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்களில் மூத்தவர் இவர்தான். லத்தீனில் ‘ஹபேரே’ என்றும் ஒரு சொல் உண்டு. பொருளும் ‘உடைமையாகக் கொள்’ என்பதுதான். ஒலியும் பொருளும் இவ்வளவு ஒத்துப்போனாலும் அது ஹேவுக்கு உறவே இல்லை. அதன் உறவு ‘கிவ்’ என்ற சொல்லோடு என்று மொழியியலாளர் காட்டுகிறார்கள். ஆங்கிலேயர் முன்னோருக்கு உடைமை என்பது கையில் பிடித்திருப்பது. நமக்கு அது, நம் பொருட்டு ஒன்று இருப்பது.

அடுத்து ‘ஹேவ் டு’. எழுத வேண்டிய கடிதம் ஒன்று எனக்கு இருக்கிறது என்றால், நான் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது என்று ஆகிறது அல்லவா? ஆங்கிலத்திலும் அப்படியே, ‘ஐ ஹேவ் எ லெட்டர் டு ரைட்’ என்பதன் பக்கத்திலேயே ‘ஐ ஹேவ் டு ரைட் எ லெட்டர்’ பிறந்தது. தமிழில் மறுபடியும் அதே இரு: வேண்டியிருக்கிறது. சொல்லும்போது ‘ஹேவ் டு’ என்று பிரிக்காமல் ‘ஹேஃப்டு’ என்று சேர்த்து, வ்-வை ஃப்-ஆக மாற்றிச் சொல்வார்கள். ‘ஹேஸ் டு’ என்பது ‘ஹேஸ்டு’ ஆகும். இது தெரியாவிட்டால் படம் பார்க்கும்போது காதில் விழுவது ஹேவ்தான் என்றே புரியாது.

எதிர்மறையில் கவனம் வேண்டும். ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் நீங்கள் வர வேண்டியதில்லை, விருப்பப்பட்டால் வரலாம். ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் வரக் கூடாது. நம் ‘வர வேண்டாம்’ இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, சொல்லும் தொனியைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயும். அதனால் மொழிபெயர்க்கும்போது எந்த அர்த்தத்தில் சொல்கிறோம் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி கேட்கும்போது ஒரு வித்தியாசம் உண்டு. உடைமையைக் கேட்க ‘டு’ என்ற துணைவினை வேண்டும்: ‘டு யூ ஹேவ் எ பென்?’ முடிந்த செயலைக் கேட்க ஹேவே முன்னால் வந்துவிடும்: ‘ஹேவ் யூ சீன் மை பென்?’ பிரிட்டனில் ‘ஹேவ் யூ காட் எ பென்?’ என்றும் நிறையக் கேட்கலாம். பொருளில் மாற்றம் இல்லை.

சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் ஹேவ் மரியாதையான சொல். விருந்தாளியிடம் ‘ஈட்’, ‘டிரிங்க்’ என்று சொல்வதைவிட ‘ப்ளீஸ் ஹேவ் சம் டீ’ என்பது மென்மையாக இருக்கும். அப்புறம், ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று வகுப்பில் கையைத் தூக்குகிறோம். சந்தேகம் என்ற தமிழ்ச் சொல்லுக்குப் புரியாமையும் நம்பாமையும் இரண்டும் பொருள். ஆங்கிலத்தின் ‘டவுட்’ பெரும்பாலும் நம்பாமையைக் குறிக்கிறது. வெளிநாட்டுப் பேராசிரியரிடம் அப்படிச் சொன்னால், நான் சொன்னதை இவர் நம்பவில்லையோ என்று அவர் நினைக்கக்கூடும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்றால் எங்கும் பொருந்தும். அதே மாதிரி ‘யூ ஹேட் பெட்டர் கோ’ என்பது ‘போவது நல்லது’ என்று அகராதியில் சாதுவாகத் தெரியும். உண்மையில் அதில் ‘இல்லாவிட்டால் பார்’ என்ற தொனி இருக்கிறது. பெரியவர்களிடமும் மேலதிகாரியிடமும் வேண்டாம்.

கடைசியாக, நாம் அதிகம் பயன்படுத்தாத, ஆனால் கட்டாயம் தேவைப்படும் ஒன்று. சலூனுக்குப் போய் வந்து ‘முடி வெட்டிக்கிட்டேன்’ என்கிறோம். அந்த ‘கொண்டேன்’ இருப்பதால் பலன் எனக்கு என்பது தமிழில் விளங்கிவிடுகிறது; வெட்டியவர் வேறு ஆள் என்பது சூழலில் தெரிந்துவிடுகிறது. ‘ஐ கட் மை ஹேர்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் கண்ணாடி முன் நின்று நீங்களே கத்தரியை எடுத்ததாகப் பொருள். பிறரை வைத்துச் செய்துகொண்டதற்கு ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’. ஹேட், அதன்பின் பொருள், அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். வண்டியைப் பழுது பார்த்தேன் என்று சொல்வது மெக்கானிக் பார்த்ததை என்றால் ‘ஐ ஹேட் மை பைக் ரிப்பேர்ட்’. வரிசை மாறினால் பொருளும் மாறும். ‘ஐ ஹேட் ரிப்பேர்ட் மை பைக்’ என்றால் ‘நானே பழுது பார்த்திருந்தேன்’. அந்தப் பழைய ‘ஐ ஹேவ் தி லெட்டர் ரிட்டன்’ நினைவிருக்கிறதா? அதே வரிசைதான் இங்கே வேறு வேலை பார்த்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது. போன் திருடு போனதையும் ‘ஐ ஹேட் மை போன் ஸ்டோலன்’ என்று இதே அமைப்பில் சொல்வார்கள். நான் கேட்டுச் செய்வித்ததா, என் தலையில் வந்து விழுந்ததா என்பது சூழலில்தான் தெரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகள், அவள் பாடப்புத்தகத்தில் இருந்த ‘ஐ ஹேட் ஹேட் லஞ்ச்’ என்பதைக் காட்டி, ரெண்டு தடவை அச்சாகிவிட்டதா என்று கேட்டாள். அச்சுப்பிழை இல்லை. நான் சாப்பிட்டிருந்தேன். பின்னால் வரும் ஹேட் ‘சாப்பிட்டு’, முன்னால் வரும் ஹேட் ‘இருந்தேன்’. சரி, இதையும் சொல்லு பார்க்கலாம் என்று ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்: ‘ஐ ஹேவ் ஹேட் டு ஹேவ் மை பைக் சர்வீஸ்ட் ட்வைஸ் திஸ் இயர்.’ மூன்று ஹேவ் வரிசையாக நிற்கிறது. பென்சிலால் ஒவ்வொன்றின் கீழும் எழுதிக்கொண்டே போனாள். முதலாவதற்குக் கீழே ‘இருக்கிறது’, இரண்டாவதற்குக் கீழே ‘வேண்டி’. மூன்றாவதில் கொஞ்சம் யோசித்தாள். “இது மெக்கானிக் அண்ணன் செய்யறது, சித்தி” என்று சொல்லிவிட்டு, ‘இந்த வருஷம் ரெண்டு தடவை வண்டியை சர்வீஸுக்கு விட வேண்டியிருந்திருக்கிறது’ என்று முழுசாக எழுதி நீட்டினாள்.